கெல்லி எழுதிய பக்கம் எங்கே?

அன்புத் தங்கைக்கு,

நோவா வான் ஸ்கைவரின் ‘ஃபான்டே புக்கோவ்ஸ்கி’ கிராஃபிக் நாவலைப் படித்துவிட்டு நீ எழுதியிருந்த கடிதத்தில் கேள்வி ஒன்றுதான் இருந்தது. எழுத்தாளனாக ஆசைப்பட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவனை இத்தனை பக்கங்களுக்கு வரைந்து சிரிப்பது நியாயமா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு அடியில், நீ கேட்காமல் விட்ட இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் பட்டது: எழுத வேண்டுமென்றால் பட்டினி கிடந்துதான் ஆக வேண்டுமா? இரண்டாவதை முதலில் எடுத்துக்கொண்டால் முதலாவது தானே தெளிந்துவிடும். துன்பப்படுவது எழுத்தாளனாவதற்கான தகுதிச் சான்று என்று நம்பி, அதைத் தேடிப்போய் வாங்கிக்கொண்டவன் ஒருவனைப் பற்றிய புத்தகம் இது. அதில் எழும் சிரிப்பு அந்த நம்பிக்கையின் மேல் விழுகிறது. அந்த நம்பிக்கை பொய் என்பதற்கு, அவன் யாருடைய பெயர்களை எடுத்துச் சூடிக்கொண்டானோ அந்த இருவரின் வாழ்க்கையே சாட்சி. இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் தொகுதி 2015-இலும் அடுத்தவை 2017, 2018-இலும் வந்தன. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த பதிப்பை 2020-இல் ஃபாண்டாகிராஃபிக்ஸ் வெளியிட்டது. நாயகனின் உண்மைப் பெயர் கெல்லி பெர்கின்ஸ். வக்கீல் அப்பாவின் அலுவலகத்தில் இருந்த வேலையை உதறிவிட்டு, மலிவான விடுதி அறை ஒன்றில் டைப்ரைட்டரோடும் பாட்டிலோடும் குடியேறுகிறான். அமெரிக்க இலக்கியத்தின் இரண்டு அடித்தட்டு நாயகர்களான ஜான் ஃபான்டேயின் பெயரையும் சார்லஸ் புக்கோவ்ஸ்கியின் பெயரையும் ஒட்டவைத்துத் தனக்குச் சூட்டிக்கொள்கிறான். ஏஜெண்டுகள் அவனைக் கண்டுகொள்வதில்லை. காதலியாக இருந்த பெண் அவனை விடப் பெரிய எழுத்தாளராகிவிடுகிறாள். பிற்பாடு பதின்வயது நட்சத்திரம் ஒருத்தியின் சுயசரிதையை அவள் பெயரில் எழுதித்தரும் கூலி வேலை வரை இறங்குகிறான். இத்தனைக்கும் நடுவில் அவனுக்கு வேண்டியிருப்பது விமர்சகர்களின் கைதட்டல். அதைவிடவும் அப்பாவின் மதிப்பு. மூன்றாம் தொகுதியின் துணைத்தலைப்பே ‘முழுமையான தோல்வி’ என்ற பொருளில் அமைந்திருக்கிறது. அட்டைகளையும் கவனித்திருப்பாய். புக்கோவ்ஸ்கியின் நூல்களை வெளியிட்ட ப்ளாக் ஸ்பேரோ பிரெஸ்ஸின் அட்டைகளைப் போலவே செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய புத்தகங்களைக் கையில் எடுத்துப் பழகியவர்கள், முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே சிரித்துவிடுவார்கள்.

இந்தக் கதைக்குச் சித்திரக்கதை வடிவம் எப்படி உதவுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மோசமான எழுத்தாளனைப் பற்றி உரைநடையில் நாவல் எழுதுகிறவருக்குத் தீராத சங்கடம் ஒன்று உண்டு. அவன் மோசமாக எழுதுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனால் வாசகருக்கு நம்பிக்கை வராது. எழுதியே காட்டினாலோ, மோசமான எழுத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் தண்டனை வாசகருக்கு. அவனே கதைசொல்லியாகவும் இருந்துவிட்டால், தன்னைப் பற்றி அவன் அளப்பதை மறுத்துப் பேச அந்தப் புத்தகத்துக்குள் ஆளே கிடையாது. சித்திரக்கதையில் அந்த வேலையைப் படம் செய்துவிடுகிறது. பலூனுக்குள் கெல்லி தன் மேதைமையை அறிவித்துக்கொண்டிருக்கும் அதே கட்டத்தில் அவனுடைய அறை இருக்கிறது, தொந்தி இருக்கிறது, எதிரே நிற்பவரின் முகம் இருக்கிறது. ஓவியர் ஒரு அடைமொழிகூடச் சேர்க்க வேண்டியதில்லை. சொல்லுக்கும் காட்சிக்கும் இடையே விழும் அந்த இடைவெளியில்தான் கறுப்பு நகைச்சுவை பிறக்கிறது. அடுத்த முறை படிக்கும்போது இன்னொன்றையும் கவனித்துக்கொண்டே போ. அவன் பேசுவதும் குடிப்பதும் அவமானப்படுவதும் எத்தனை கட்டங்களில் வருகின்றன, உட்கார்ந்து எழுதுவது எத்தனை கட்டங்களில் வருகிறது என்று பார். எழுத்தாளனைப் பற்றிய புத்தகத்தில், அவன் எழுதிய பக்கம் எங்கே என்று நாம் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது பெயருக்கு உரியவர்களிடம் வருவோம். ஜான் ஃபான்டே 1909-இல் டென்வரில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய கொத்தனாரின் மகன். 1932-இல் எச். எல். மென்கென் தம்முடைய ‘அமெரிக்கன் மெர்க்குரி’ இதழில் அவருடைய கதையை வெளியிட்டார். 1939-இல் வந்த ‘ஆஸ்க் தி டஸ்ட்’ நாவலில் ஆர்ட்டுரோ பண்டினி என்ற ஏழை இளைஞன் எழுத்தாளனாகும் கனவோடு லாஸ் ஏஞ்சலிஸில் அலைகிறான். கெல்லி பார்த்துப் போட்டுக்கொண்ட வேஷத்தில் பாதி அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அந்த நாவலுக்கு நேர்ந்த கதியை எந்த நையாண்டி எழுத்தாளரும் கற்பனையில் எழுதத் துணியமாட்டார். அதன் பதிப்பாளர்களான ஸ்டேக்போல் சன்ஸ், அதே ஆண்டில் ஹிட்லரின் ‘மைன் காம்ப்’ நூலை உரிமை பெறாமல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். அமெரிக்க உரிமையை வைத்திருந்த ஹௌட்டன் மிஃப்ளின் வழக்குப் போட்டது. நாவலை விளம்பரப்படுத்தச் செலவாகியிருக்க வேண்டிய பணம் வழக்குக்குப் போய்விட்டது என்பார்கள். எங்கோ ஐரோப்பாவில் இருந்த சர்வாதிகாரி ஒருவனால் கொத்தனார் மகனின் புத்தகம் கடைகளில் முகம் காட்டாமலே அமுங்கிப்போயிற்று. பிழைப்புக்காக ஃபான்டே ஹாலிவுட்டில் பல்லாண்டுகள் திரைக்கதை எழுதினார். பிறகு நீரிழிவு வந்தது. 1978-இல் பார்வை போனது. கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. கடைசி நாவலை அவர் வாயால் சொல்லச் சொல்ல மனைவி ஜாய்ஸ் எழுதிக்கொண்டார். அது 1982-இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஃபான்டே காலமானார். முப்பதுகளில் எழுதிப் பதிப்பாளர்கள் ஏற்காத அவருடைய முதல் நாவல் அச்சேறியது 1985-இல்தான்.

இந்தத் துயரங்களின் காலவரிசையைப் பார். ‘ஆஸ்க் தி டஸ்ட்’ எழுதி முடிந்த பிறகுதான் பெரிய அடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. துன்பம்தான் எழுத்தைப் பிறப்பிக்கும் என்றால், 1940-க்குப் பிந்தைய ஆண்டுகள் அவருக்கு அறுவடைக் காலமாக இருந்திருக்க வேண்டும். அந்த நீண்ட காலத்தில் அவர் வெளியிட்ட நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இளமையில் வறுமை அவருக்குக் கருப்பொருள் கொடுத்தது என்பதை மறுக்கவில்லை. பிற்காலத்துத் துன்பம் அவரிடமிருந்து புத்தகங்களைப் பறித்தது என்பதும் அதே அளவு உண்மை. இரண்டாவதைப் பற்றி யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

புக்கோவ்ஸ்கியின் கதை இன்னும் நேரான சாட்சியம். அவருடைய முதல் சிறுகதை 1944-இல், அவருக்கு 23 வயதாக இருந்தபோது, ‘ஸ்டோரி’ இதழில் வந்தது. அதன் கருப்பொருளே பத்திரிகை ஆசிரியர் அனுப்பிய நீண்ட நிராகரிப்புக் கடிதம்தான். அதன் பிறகு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஊர் ஊராகவும் மதுக்கடை மதுக்கடையாகவும் அலைந்ததாக அவரே சொல்லிக்கொண்டார். அதில் கொஞ்சம் புராணமும் கலந்திருக்கிறது, இருக்கட்டும். கெல்லி நகலெடுப்பது அந்தப் பத்து ஆண்டுகளைத்தான். ஆனால் புக்கோவ்ஸ்கியின் பெயரில் அச்சில் மிகக் குறைவாக வந்ததும் அதே ஆண்டுகளில்தான். ஐம்பதுகளின் நடுவில் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து, ஏழைகளுக்கான மருத்துவமனையில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அதற்குப் பிறகுதான் கவிதைகள் பெருகின. 1958 முதல் தபால் அலுவலகத்தில் எழுத்தராகப் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். வீடு திரும்பி எழுதினார். ப்ளாக் ஸ்பேரோ பிரெஸ்ஸைத் தொடங்கிய ஜான் மார்ட்டின், வேலையை விட்டுவிட்டு எழுதுவதானால் மாதம் 100 டாலர் தருவதாகச் சொன்னார். வாடகை, மளிகை, பீர், மகளின் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டிய தொகை என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து வந்த எண்ணிக்கை அது. அப்போது புக்கோவ்ஸ்கிக்கு வயது 49. வேலையை விட்ட சில வாரங்களிலேயே ‘போஸ்ட் ஆபீஸ்’ நாவலை எழுதி முடித்தார், 1971-இல் வெளிவந்தது. முதல் நாவலை அவரிடமிருந்து வரவழைத்தது மாதாமாதம் வந்த காசோலை என்று சொன்னால் அவருடைய பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் நடந்தது அதுதான். அந்த நாவலுக்கு வேண்டிய அனுபவத்தைத் தந்ததும் சாகசம் ஏதுமல்ல; சலிப்பூட்டும் அரசாங்க வேலை.

அவர் கடைசிவரை குடித்தாரே என்று நீ கேட்கலாம். குடித்தார்தான். ஆனால் குடித்துக்கொண்டே டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். பாட்டில் கெல்லியிடமும் இருக்கிறது. இருவருக்கும் பொதுவாக இல்லாதது அந்த உட்காருதல்தான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. புக்கோவ்ஸ்கி இளைஞராக இருந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் பொது நூலகத்தில் தற்செயலாக ‘ஆஸ்க் தி டஸ்ட்’டை எடுத்துப் படித்தார். அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது வாக்கியத்தை எப்படிச் சுருக்கமாக, நேராக எழுதுவது என்பது. பல ஆண்டுகள் கழித்துத் தம் பதிப்பாளரிடம் ஃபான்டேயைப் பற்றி ஓயாமல் பேசினார். அப்படியொரு எழுத்தாளரே கிடையாது, புக்கோவ்ஸ்கி கற்பித்த பெயர் என்றுதான் மார்ட்டின் முதலில் நினைத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. 1980-இல் ப்ளாக் ஸ்பேரோ அந்த நாவலை மறுபதிப்புச் செய்தது. முன்னுரை எழுதியவர் புக்கோவ்ஸ்கி. பார்வை இழந்து கிடந்த முன்னோடி ஒருவரை அவருடைய வாசகரே கைபிடித்து மீட்டுக்கொண்டு வந்தார். இதைத்தான் இலக்கிய வாரிசுரிமை என்று நான் நினைக்கிறேன். கெல்லியோ பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வாக்கியத்தை நூலகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

ஏழை எழுத்தாளனின் கோலத்தை ஒருவன் இப்படி ஆயத்த ஆடையாக எடுத்துப் போட்டுக்கொள்ள முடிகிறதென்றால், அந்தக் கோலம் வெகு காலமாகவே படமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1730-களில் இங்கிலாந்தின் வில்லியம் ஹோகார்த் அல்லல்படும் கவிஞன் ஒருவனை மச்சு அறையில் வைத்து வரைந்தார். கவிஞன் தலையைச் சொறிந்துகொண்டு வரி தேடிக்கொண்டிருக்கிறான். மனைவி அவனுடைய கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பால்காரப் பெண் பாக்கிக் கணக்கோடு வாசலில் நிற்கிறாள். வீட்டில் இருந்த இறைச்சித் துண்டை நாய் கவ்விக்கொண்டு போகிறது. அச்சுப் படத்தின் முதல் வடிவத்தில் அவன் எழுதும் கவிதையின் தலைப்பு வறுமை. 1741-இல் ஹோகார்த் அதைச் செல்வம் என்று மாற்றி, சுவரில் பெரு நாட்டுத் தங்கச் சுரங்கங்களின் படத்தையும் மாட்டிவிட்டார். அந்த ஒரு திருத்தத்தில் நகைச்சுவை பல மடங்கு கூடிவிடுவதைப் பார். வான் ஸ்கைவர் கட்டத்துக்குக் கட்டம் செய்வதை ஹோகார்த் 280 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்: எழுத்து ஒன்றைச் சொல்கிறது, அறை இன்னொன்றைச் சொல்கிறது. 1839-இல் ஜெர்மனியின் கார்ல் ஷ்பிட்ஸ்வெக் வரைந்த ‘ஏழைக் கவிஞன்’ இன்னும் புகழ்பெற்றது. கூரை ஒழுகுகிறது, படுக்கைக்கு மேல் குடை விரித்திருக்கிறது, கையெழுத்துப் பிரதிகள் அடுப்பருகே எரிபொருளாகக் காத்திருக்கின்றன. இதை வரைந்தவர் மருந்தாளராக இருந்தவர், பரம்பரைச் சொத்து கைக்கு வந்த பிறகு முழுநேர ஓவியரானவர். படத்தை அது கெடுத்துவிடவில்லை. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல்.

இந்தச் சிரிப்பைக் கனவாக மாற்றியது பாரிஸ். ஆன்ரி முர்ஜே 1840-களில் எழுதிய பொஹீமியக் கதைகள் 1849-இல் நாடகமாகின, 1851-இல் நூலாயின, 1896-இல் புச்சீனியின் இசைநாடகமாகவும் ஆகிவிட்டன. குளிரிலும் கடனிலும் வாழ்வதே கலைஞனுக்கு அழகு என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவ அவை வழி செய்தன. வேடிக்கை என்னவென்றால், முர்ஜே தம் முன்னுரையிலேயே எச்சரித்திருந்தார்: இந்த வாழ்க்கை ஒருவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அகாதமியிலோ தரும ஆஸ்பத்திரியிலோ பிணவறையிலோதான். நாடகம் வெற்றி பெற்றதும் அவரே அந்த வாழ்க்கையை விட்டுக் கிளம்பிவிட்டார். ஆனாலும் 38 வயதில் இறந்தார். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? கெல்லியும் படித்திருக்கமாட்டான்.

நம் ஊரில் பாரதி இல்லையா, புதுமைப்பித்தன் இல்லையா என்று நீ கேட்பாய் என்பது தெரியும். அதற்குப் பதில் ஹோகார்த்தின் படத்திலேயே இருக்கிறது. அந்த அறையில் கவிஞனை மட்டும் பார்க்காதே. கால்சட்டையைத் தைப்பவளையும் பாக்கி கேட்டு நிற்பவளையும் பார். பாரதி குருவிகளுக்கு அரிசியை இறைத்தார் என்ற கதையை நாம் நெகிழ்ந்து சொல்கிறோம். அந்த அரிசியைக் கடன் வாங்கிவந்து வைத்திருந்த செல்லம்மாவை, கதையில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. பத்திரிகை அலுவலகங்களில் வேலை பார்த்த ஆண்டுகளில் நிறைய எழுதியவரின் எழுத்தை நிறுத்தியது நோயும் பொருள்முடையும்தான். துன்பம் அவரை எழுத்தாளராக்கியது என்று சொல்வதைவிட, துன்பம் நம்மிடமிருந்து எத்தனை கதைகளைப் பறித்தது என்று கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. அவருடைய ‘ஒரு நாள் கழிந்தது’ கதையைத் திரும்ப எடுத்துப் படித்துப் பார். முருகதாசர் என்ற எழுத்தாளர் சில ரூபாய்க் கைமாற்றுக்காகத் தவிக்கும் ஒரு நாள் அது. அதில் வறுமைக்கு மலர் மாலை ஏதும் விழுவதில்லை. பக்கத்திலேயே மனைவி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது, காப்பிக்கு வழி பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு வறண்ட நகைச்சுவையை அந்தக் காலத்திலேயே தமிழில் எழுதிவிட்டார் என்பதை நினைக்கும்போது, கெல்லியின் கதை நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அப்படியானால் துன்பத்திலிருந்து பெரிய எழுத்து பிறந்ததே இல்லையா? பிறந்திருக்கிறது. நூட் ஹாம்சன் பட்டினி கிடந்த அனுபவத்திலிருந்து 1890-இல் ‘பசி’ வந்தது. ஆனால் அந்த நாவலுக்குள்ளேயே பசி என்ன செய்கிறது என்று கவனி. கதைசொல்லியின் சிந்தனையைக் கலைக்கிறது, எழுத உட்கார்ந்தவனை எழுப்பிவிடுகிறது, பாதியில் நின்ற கட்டுரைகளைப் பெருக்குகிறது. அவன் கடைசியில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து ஊரை விட்டே போகிறான். சித்திரக்கதை உலகத்திலிருந்து வேண்டுமானால் ஹார்வி பீக்கரைச் சொல்வேன். கிளீவ்லாந்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் கோப்பு எழுத்தராக இருந்தவர். அவருக்குப் படம் வரைய வராது. ராபர்ட் கிரம்ப் போன்ற ஓவியர்களின் கையால், 1976 முதல் ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’ என்ற பெயரில் தம் அன்றாடத்தை வெளியிட்டார். கடையில் எந்த வரிசையில் நிற்பது என்ற குழப்பம்கூட அவருக்குக் கதைதான். விருது வந்தது, தொலைக்காட்சியில் தோன்றினார். ஆனாலும் ஓய்வுபெறும்வரை அந்த எழுத்தர் வேலையை விடவில்லை. அவருடைய துயரங்கள் சின்னவை, கூச்சமில்லாதவை, உண்மையானவை. அவற்றைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. கெல்லிக்கு வாய்த்த துயரங்கள் பீக்கருடையவற்றை விடப் பெரியவைகூட. ஆனால் அவற்றைத் திரும்பிப் பார்க்காமல், அடுத்த வேளை தன்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்றே அவன் தேடிக்கொண்டிருக்கிறான். தனக்கு நேர்வதைத் தானே கவனிக்காதவனுக்கு எத்தனை துன்பம் வந்தும் பயனில்லை.

இனி உன் முதல் கேள்வி: இது கொடுமை இல்லையா? திறமை குறைந்தவனுக்கும் கனவு காண உரிமை உண்டே? உண்டு. திறமை இல்லை என்பதற்காக மட்டும் ஒருவனைப் போட்டு அடித்திருந்தால் நானும் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன். முதல் தொகுதியில் சில இடங்களில் அந்த ஆபத்து தெரியத்தான் செய்கிறது. ஒரே அடி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது. அடுத்தடுத்த தொகுதிகளில் சுற்றிலும் மனிதர்கள் கூடக்கூட, கேலி ஒரு ஆளை விட்டு நகர்ந்து, புகழை எடைபோட்டு விற்கும் இலக்கியச் சந்தை முழுக்கப் பரவுகிறது. எனக்கு அவைதான் பிடித்தன. அதோடு, கெல்லிக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது, வக்கீல் அப்பா இருக்கிறார், உட்கார நாற்காலி இருக்கிறது. இல்லாமையை அவன் வாடகைக்கு எடுத்திருக்கிறான். வேறு போக்கிடம் இல்லாமல் அந்த விடுதியில் கிடப்பவர்களின் வாழ்க்கை அவனுக்கு மேடை அலங்காரமாகத் தெரிகிறது. கேலிக்கு உரியது என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இடம்தான்.

இதை வரைந்தவருக்கு உண்மையான இல்லாமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1984-இல் பிறந்த வான் ஸ்கைவர், நியூ ஜெர்சியில் மார்மன் மதத்தைச் சேர்ந்த பெரிய குடும்பத்தில் வறுமையில் வளர்ந்ததை 2018-இல் ‘ஒன் டர்ட்டி ட்ரீ’ என்ற நினைவுக்குறிப்பில் வரைந்திருக்கிறார். அங்கே வறுமைக்கு எந்த ஒளிவட்டமும் கிடையாது. அதற்கும் முன்னால், 2012-இல் வந்த ‘தி ஹைப்போ’ இளைஞர் ஆப்ரகாம் லிங்கனின் மனச்சோர்வைப் பற்றியது. 1837-இல் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குக் கடனோடு வந்து சேர்ந்து, நண்பரின் அறையில் தங்கி, வக்கீல் தொழிலைத் தொடங்கி, மேரி டாட்டுடன் நிச்சயமான திருமணம் முறிந்து, 1842-இல் வாள் சண்டை வரைக்கும் போய்த் திரும்பிய ஆண்டுகள். அந்தப் பக்கங்களில் கோட்டின் மேல் கோடாக இழைத்த இருட்டு கனத்துக் கிடக்கிறது. சிரிப்புக்கு இடமே குறைவு. அதே கை கெல்லியை வண்ணத்தில், இளக்கமான கோட்டில் வரைகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும்: தானாக வந்து கவிந்த துயரத்துக்கு ஒரு கோடு, தேடிப்போய் அணிந்துகொண்டதற்கு வேறொரு கோடு என்று ஓவியர் பிரித்தே வைத்திருக்கிறார். லிங்கன் வக்கீல் தொழிலுக்குள் போகிறார், கெல்லி அதிலிருந்து ஓடுகிறான் என்பது தற்செயலாகவே இருக்கலாம். எனக்கென்னவோ அது ரசிக்கத்தக்க தற்செயலாகப் படுகிறது.

வெற்றி பெற்றவர்களுக்கு அவமானம் இல்லையா என்றால், அட்ரியன் டோமினே 2020-இல் வெளியிட்ட தன்வரலாற்றுச் சித்திரக்கதை இருக்கிறது. நியூயார்க்கர் இதழுக்கு அட்டைப்படம் வரையும் அளவுக்கு வளர்ந்த ஓவியர் அவர். ஆனாலும் புத்தகம் முழுக்க, ஆள் வராத கையெழுத்து நிகழ்ச்சிகளும் பெயரைத் தப்பாக உச்சரிக்கும் மேடைகளும்தான். திறமை இருந்தாலும் அவமானம் வரும், இல்லாவிட்டாலும் வரும். ஆகவே அவமானத்தை வைத்துத் திறமையை அளக்க முடியாது. கெல்லி தன் ஒவ்வொரு தோல்வியையும் மேதைமைக்கான அடையாளமாக எண்ணிக்கொள்வது அதனால்தான் அபத்தமாகிறது.

கல்லூரியை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். புக்கோவ்ஸ்கி தபால் அலுவலகத்தை விட்டது, எத்தனையோ ஆண்டுகள் எழுதி, கவிதை நூல்கள் வந்து, பத்திரிகைப் பத்தி ஒன்றும் ஓடி, மாதப் பணத்துக்கு உத்தரவாதமும் கிடைத்த பிறகு. பீக்கர் வேலையை விடவே இல்லை. நீ படிப்பை முடி. முடிக்கும்வரை தினமும் கொஞ்சம் எழுது. ‘ஆஸ்க் தி டஸ்ட்’டை முதலில் படித்துவிட்டு ‘போஸ்ட் ஆபீஸ்’ஸுக்குப் போ, இரண்டும் சிறிய நாவல்கள்தான், ஆங்கிலமும் எளிமையானது. எந்த வாக்கியம் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படி. அதற்குப் பிறகு கெல்லியின் மூன்றாம் தொகுதியைத் திரும்ப எடுத்துப் படி. அந்தப் பதின்வயது நட்சத்திரத்தின் சுயசரிதை வரும் பகுதியைப் பற்றி உனக்கு என்ன தோன்றியது என்று எழுது. அதில் வான் ஸ்கைவர் கெல்லியிடம் இரக்கம் காட்டுகிறாரா இல்லையா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. உன்னுடையது வந்த பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா